ஊளைச்சதை என்றொரு சொல்

தமிழ்ச் சொற்களின் பொருள் வேறுபாட்டை முப்பது ஆண்டுகளாக மாணாக்கர்க்கு எடுத்துரைத்து ஊதியம் பெறுகின்ற நான், என் வயிற்றின்மேல் தொங்கிய ஒன்றுக்குப் பிழையான பெயரிட்டமையால், சென்ற ஆண்டு ஆவணித் திங்களில் ஒரு காலைப்பொழுது பாடசாலைப் படிக்கட்டிலே மயங்கி வீழ்ந்தேன். இலக்கியப் பக்கத்திலே வயிற்றுக்கு என்ன வேலை என்று வாசகர் சிலர் முகஞ்சுளித்தல் கூடும். வேலை உண்டு. பிழை சொல்லிலே தொடங்கியது. ஆதலின் சொல்லாராயும் இவ்விடத்திலேயே அதனைக் கூறுதல் பொருந்தும்.

எனக்குச் சீனி வியாதி உண்டென்பது ஐம்பத்திரண்டாம் வயதில் தெரியவந்தது. அதிற் புதுமையொன்றுமில்லை. இலங்கையில் நடத்தப்பெற்று 2008இல் வெளிவந்த ஆய்வொன்று, வளர்ந்தோருள் ஏறத்தாழப் பத்துப் பேருக்கு ஒருவர் இந்நோயுடையார் எனக் காட்டியது. அப்பத்தாமவருள் நானும் ஒருவனானேன். அன்று என் நிறை 84 கிலோ; உயரம் 168 சென்ரிமீற்றர். கோதுமை மாவு ரொட்டியையும், நாளொன்றுக்கு ஏழெட்டுக் கோப்பையாகக் குடித்துவந்த சீனித் தேநீரையும் குறைக்குமாறு வைத்தியர் பணித்தார், நடக்கவும் சொன்னார். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள இந்த நுவரெலியாவில் விடியற்காலை நடை என்பது தவத்தின் பாற்பட்டது. ஆயினும் கிரகரி வாவியோரம் நாள்தோறும் நடந்தேன். பதினாறு மாதத்தில் இருபது கிலோ குறைந்து 64 ஆயிற்று. இரத்தத்திற் சீனியும் கட்டுக்குள் வந்தது.

மகிழ்ந்திருக்க வேண்டியவன் மகிழ்ந்திலேன். இவ்வூரில் ஆண்டு முழுதும் கம்பளிச் சட்டைக்குள் வாழ்கிறோம். நம்முடம்பை நாம் காண்பது குளிக்கும் பொழுது மட்டுமே. அவ்வாறு கண்ட பொழுதெல்லாம் கொப்பூழுக்குக் கீழே ஒரு மடிப்புத் தொங்கிற்று. மேற்கைகளிலும் அவ்வாறே. முகத்தைப் பார்த்த என் தங்கை, "நோயில விழுந்த ஆள் மாதிரி ஒட்டிப்போயிட்டீங்களே அண்ணே" என்று கண்கலங்கினாள். வயிற்றைப் பார்த்த அற்றன் மைத்துனரோ, "இன்னும் ஊளைச்சதை கிடக்குதே மச்சான், அது போற வரைக்கும் விடாதீங்க" என்றார். தங்கையின் கண்ணீரை விட மைத்துனரின் சொல்லே என் செவியில் நின்றது. ஊளைச்சதை! அதனைக் கரைத்தே தீருவதெனத் துணிந்தேன்.

இராச்சோற்றை விட்டேன், பிறகு பகற்சோற்றையும் பாதியாக்கினேன். அவித்த கீரையும் வெறுந் தேநீரும் என் உணவாயின. சீனியைக் குறைக்கும் மாத்திரையை மட்டும் ஒருவேளையும் தவறாது விழுங்கினேன். மாத்திரைக்கு எதிர்நிற்க வேண்டிய உணவை விலக்கினேன். இது எத்துணைப் பேதைமை என்பதை அறிய வைத்தியப் பட்டம் வேண்டுவதில்லை. நிறை 57க்கு இறங்கிற்று. மடிப்போ குறையவில்லை, இன்னும் சற்று நீண்டது போலவே தோன்றியது. கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்தினால் கை நடுங்கிற்று. படிக்கட்டில் வீழ்ந்தது அதற்குப் பிறகு.

அன்று என்னைச் சோதித்தவர் இளம் சிங்கள வைத்தியர் ஒருவர். கிளினிக் கொப்பியைப் புரட்டினார். 84, 64, 57 என்ற எண்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். உணவைக் குறைத்தது ஏன் என்று வினவினார். வயிற்றைச் சுட்டி, "இந்தச் சதை இன்னும் போகவில்லையே" என்றேன். அவர் ஒன்றும் கூறாமல் என் புறங்கைத் தோலை இரு விரலாற் கிள்ளி உயர்த்தினார். பின்னர் அதே இரு விரலால் வயிற்று மடிப்பைப் பிடித்தார். மீண்டும் புறங்கை, மீண்டும் வயிறு. பிறகு தம் திக்கும் தமிழில், "சேர், இது சதை இல்லை. கொழுப்பும் ரொம்ப இல்லை. இது தோல்" என்றார்.

பண்டிதன் ஒருவனுக்குத் தமிழ்ச் சொல்லொன்றின் பொருளை அவர் கற்பித்தார். வெட்கத்தை மறைப்பானேன்?

அவ்விரு விரல்கள் செய்த வேலையைச் சற்று விரித்துக் கூறல் வேண்டும். ஏனெனில் அதனை எவரும் தம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். புறங்கையில் தோலுக்கு அடியிலே கொழுப்பு மிகச் சிறிது. அங்கே கிள்ளி உயர்த்தும்பொழுது விரல்களுக்கிடையே அகப்படுவது பெரும்பாலும் இருமடியான தோலே. கனம் சில மில்லிமீற்றரே இருக்கும். அதனை உரைகல்லாகக் கொள்க. வயிற்றிலோ மேற்கையிலோ தொங்குவதைப் பிடித்தால் அதுவும் அவ்வாறே மெல்லிதாய், துணி மடிப்பைப் போலக் கசங்கி, விரல்கள் ஒன்றையொன்று உணருமளவுக்கு நெருங்கினால் அது தோல். விரல்கள் நெருங்க மாட்டாமல் இடையிலே மெத்தென்று தடித்ததொன்று நின்றால் அது கொழுப்பு. குனிந்து பார்த்தாலும் வேற்றுமை தெரியும்: தோல் நுண்ணிய வரிகளோடு சுருங்கித் தொங்கும், கொழுப்பு வரியின்றி உருண்டு திரளும். மல்லாந்து படுத்தால் வெறுந்தோல் தட்டையாகப் படிந்துவிடும்.

இருபது கிலோ குறைத்தவரிடம் இவ்விரண்டும் கலந்தே இருத்தல் இயல்பு என்பதையும் மறைக்கலாகாது. என் மடிப்பின் மேற்பாதி தோல். அடிப்பாதியில் இன்னும் சிறிது கொழுப்பு உண்டு என்றே அவ்வைத்தியரும் கூறினார். முற்றத் தோலாகவே அமைந்த மடிப்பு அரிது. அளவு எவ்வளவு என்பதே வினா.

மலையகத்தார்க்கு இதனை விளக்கத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றே போதும். கொய்து வந்த கொழுந்தை வாட்டும் தளத்திலே பரப்பி இரவு முழுதும் காற்று வீசச் செய்வர். கொழுந்தின் நிறையில் முக்காற்பங்குக்கு மேல் நீர். அதிற் பெரும்பகுதி காற்றோடு போகும். இலையின் பரப்போ நீர் போன அளவுக்குச் சுருங்குவதில்லை. தொய்ந்து, பிடித்த பிடிக்கு இணங்கிக் கிடக்கும். பழகிய டீமேக்கர் கருவியை நாடுமுன் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் அழுத்திப் பார்ப்பார். விட்டபின் சிலிர்த்து விரியாமல் அழுத்திய வடிவிலேயே நின்றால், காம்பு வளைத்தால் ஒடியாதிருந்தால், வாட்டம் சரி. வாடிய இலையைப் பார்த்து, 'இதில் இன்னும் நீர் மிகுந்திருக்கிறது. ஆதலின்தான் தொங்குகிறது' என்று எந்த டீமேக்கரும் கூறமாட்டார். நாம் நம் வயிற்றைப் பார்த்து அதனையே கூறுகிறோம்.

தோல் ஏன் உடனே சுருங்குவதில்லை எனின், அதன் உட்படையிலே கொலாஜன், எலாஸ்ரின் என்னும் இருவகை நார்கள் உள்ளன. முன்னது வலிமை தருவது. பின்னது இழுத்து விட்டால் மீளச் செய்வது. பல்லாண்டு உட்கொழுப்பால் விரிக்கப்பெற்ற தோலில் இந்நார்கள் நைந்து போகின்றன. வயதேற ஏற அவை புதிதாக உண்டாவதும் குறையும். வெயில், புகைபிடித்தல், பல பிள்ளைப்பேறு, பரம்பரை ஆகியவையும் சேரும். இருபது வயதினன் ஐந்து கிலோ குறைத்தால் தோல் தானே ஒட்டிக்கொள்ளும். ஐம்பது கடந்தவன் இருபது கிலோ குறைத்தால் பல மாதங்கள் சென்ற பின்னும் ஓரளவே ஒட்டும். பட்டினி கிடப்பதனால் தோல் சுருங்காது. அதனடியில் மிஞ்சியிருக்கும் தசைதான் தேயும்; தசை தேயத் தேயத் தோல் இன்னும் தொங்கும். என் மடிப்பு நீண்டதுபோலத் தோன்றியதன் காரணம் அதுவே. பகையென்று எண்ணி நான் பட்டினி போட்டது என் தசையை.

இனிச் சொல்லுக்கு வருவோம். தசை, சதை இரண்டும் ஒரே சொல். எழுத்து நிலைமாறி வந்த இலக்கணப்போலிக்கு இதனை எடுத்துக்காட்டாகக் கூறாத தமிழாசிரியர் இலர். நானும் ஆண்டுதோறும் கூறியிருக்கிறேன். ஆனால் வழக்கிலே இவ்விரண்டும் பிரிந்துவிட்டன. 'தசை' என்றால் வலிமையுடைய உறுப்பு என நினைக்கிறோம். 'சதை' என்றாலோ தோல், தசை, கொழுப்பு மூன்றும் ஒன்றாகக் குழைந்த ஏதோ ஒன்று. "சதை போட்டிருக்கிறார்" என்பது கொழுப்பு மிகுந்தமையை. "சதை பிடித்துக்கொண்டது" என்பது தசைப்பிடிப்பை. "சதை தொங்குகிறது" என்பது தோல் தளர்ந்தமையை. மூன்றுக்கும் ஒரு சொல். அதன்முன் 'ஊளை' என்னும் இகழ்ச்சியடை சேர்ந்துவிட்டால் ஆராய்ச்சிக்கே இடமில்லை; இகழப்பட்டது ஒழிக்கப்பட வேண்டியது என்றாகிவிடுகிறது.

தமிழிலே சொற்பஞ்சம் உண்டா? இல்லை. தோலுக்கு அதள், உரி, துவக்கு என்றும், கொழுப்புக்கு நிணம், வழும்பு, விழுக்கு என்றும் பெயர்கள் நிறைந்து கிடக்கின்றன. சித்த மருத்துவர் உடற்கட்டுகள் ஏழெனக் கொண்டு, சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, வெண்ணீர் என எண்ணினர். ஊனையும் கொழுப்பையும் அவர்கள் ஒன்றாக்கவில்லை. அடுத்தடுத்து வெவ்வேறாக வைத்தனர். உடல் முதுமையுற்றுத் தோல் சுருங்குதலைக் குறிக்கத் 'திரை' என்று ஒரு தனிச்சொல்லையே வைத்திருந்தோம். நரை, திரை, மூப்பு என்று அடுக்கிச் சொல்கிறோம். கடலலைக்கும் அதுவே பெயர். நீரின் மேற்பரப்பு மடிந்து மடிந்து வருவது போலத் தோல் மடிவதைக் கண்டவனே இச்சொல்லை ஆண்டிருப்பான். அவன் அதனைக் கொழுப்பென்று மயங்கவில்லை.

நம் நாட்டிலேயே, 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க வைத்தியர் கிறீன், 1864 முதல் அதனைத் தமிழிலேயே கற்பித்தார். ஆங்கிலப் பெருநூலொன்றைத் தழுவி 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் உடற்கூற்று நூல் 1872இல் வெளிவரச் செய்தார். நூற்றைம்பது ஆண்டுக்கு முன் உடலைத் தமிழாற் கூறுபடுத்தப் பயின்ற நாட்டில், நான் வயிற்றையும் தோலையும் வேறறியாது நின்றேன்.

மேனாட்டார் பெயரிடுதலிலும் குழப்பமில்லாமலில்லை. கிளாஸ்கோ நகரத்து டேர்னின், வோமர்ஸ்லி என்னும் இருவர் 1974இல் வெளியிட்ட முறைப்படி, மேற்கையின் முன்புறம், பின்புறம், தோட்பட்டை எலும்பின் கீழ், இடுப்பெலும்பின் மேல் ஆகிய நான்கிடங்களில் மடிப்பைக் கவ்வியாற் பிடித்தளந்து உடற்கொழுப்பைக் கணக்கிடுவர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் தோல்மடிப்பளவு. பெயர் தோலுக்கு, அளப்பது கொழுப்பை! கவ்வியும் தோலையும் கொழுப்பையும் சேர்த்தே பிடிக்கிறது. இடுப்பைச் சுற்றும் அளவுநாடாவும் அப்படியே. தொங்குந் தோலையும் வளைத்துக் கணக்கிலே சேர்த்துவிடும்.

உடலின் இக்கூறுகளைக் கண்ணாற் பிரித்தறிந்தவன் யாரெனின், பொலன்னறுவையிற் கிடைத்த காரைக்காலம்மையார் செப்புத் திருமேனியை வார்த்த சிற்பியைக் கூறுவேன். கொழும்பு நூதனசாலையிலே மாணாக்கரோடு சென்று கண்டிருக்கிறேன். தாளமேந்தி அமர்ந்திருக்கிறார் அம்மையார். விலாவென்புகள் ஒவ்வொன்றாக எண்ணத்தக்கன, வயிறு உட்குழிந்தது, மார்பு வற்றித் தொங்குவது. அழகு தங்கிய ஊனை உதறிப் பேயுருக் கொண்டார் என்பது சேக்கிழார் கூறும் வரலாறு. உதறப்பட்டது ஊன்; தொங்குவது தோல். தொங்குகின்றது என்பதற்காக அங்கே ஊன் மிகுந்தது என்று எந்தப் பேதையும் கூறான். அச்சிலையின் முன் மாணாக்கர்க்கு அரைமணி நேரம் விளக்கமளித்தவன், பிறகு குளியலறையில் அதனை மறந்தேன்.

என் கதை என்னோடு போகட்டும். என்னை எழுதத் தூண்டியது வேறு. தோட்டங்களில் இருபது, இருபத்தைந்து ஆண்டு கொழுந்து பறித்த பெண்களைப் பாருங்கள். நாற்பத்தைந்தைக் கடந்ததும் மேற்கையின் பின்புறம் தளர்ந்து தொங்கும். வயிறும் பிள்ளைப்பேறுகளால் மடிந்திருக்கும். "ஊளைச்சதை போட்டிருச்சு, சோத்தைக் குறை" என்று வீட்டாரும் சொல்வர். தம்மைத் தாமே நொந்துகொள்வாரும் உளர். கிள்ளிப் பார்த்தால் பலரிடத்தே அகப்படுவது வெறுந்தோல். கூடை சுமந்த தசை போதிய பருப்பும் முட்டையும் மீனும் காணாது மெலிந்துவிட்டது. அவர்களுக்கு வேண்டியது கூடுதலான உணவு. நாம் வழங்குவது குறைக்கும் அறிவுரை. 2016ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பில், வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாடு முழுவதும் நூற்றுக்குப் 17 பேராயிருக்க, நுவரெலியா மாவட்டத்தில் 32 பேராயிருந்தனர். 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவு விலையேற்றம் ஆண்டுக்கு 94.9 வீதத்தை எட்டியபொழுது எந்த வீட்டில் எது குறைந்தது என்பதை இம்மாவட்டத்து ஆசிரியர் எவரும் மறந்திரார். இத்தகைய மண்ணிலே 'சோற்றைக் குறை' என்னும் தொடரை ஆராயாது வீசலாகாது.

கைக்குழந்தைகளிடத்தில் இது இன்னும் கடியது. கடுமையாக மெலிந்த குழந்தையின் பிட்டத்திலும் தொடையிலும் தோல் பெரிய காற்சட்டையைப் போலத் தொளதொளக்கும். பிள்ளைமடுவத்தில் அதனைக் கண்டு "கொழுகொழுவென்று மடிப்பு விழுகிறது" என மகிழ்பவர் இருந்தால், அம்மகிழ்ச்சியைப் போலக் கொடியது வேறில்லை. ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 115 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோதல் வேண்டும். மடிப்பு ஒன்றே, காரணம் வேறு.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. அதனைக் கூறாவிடின் நண்பர் சிலர் இக்கட்டுரையைக் கேடயமாக்கிக் கொள்வர். மூன்று கிலோ குறைத்துவிட்டு, "மிச்சமெல்லாம் தோல்தான் பண்டிதரே" என்று இடியப்பத்தட்டை இழுப்பவரை அறிவேன். அவர் புறங்கையையும் வயிற்றையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேசட்டும். வேறொரு வகையும் உளது: தோல் இறுகி, கிள்ளினால் மெல்லிதாயிருக்க, வயிறோ பானை போலத் திரண்டு நிற்பது. அங்கே கொழுப்புத் தோலுக்கடியில் இல்லை. தசைச்சுவருக்கும் உள்ளே குடலைச் சுற்றி இருக்கிறது. விரலுக்கு அது அகப்படாது. நோய் விளைப்பதில் முதன்மையானதும் அதுவே. தெற்காசிய ஆடவர்க்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றர், மகளிர்க்கு 80 என்பதே எச்சரிக்கை எல்லை.

குறைக்க முயலாமலே நிறை குறைந்து தோல் தளர்ந்தால் கிள்ளிப் பார்த்துக்கொண்டிராது வைத்தியரை நாடவேண்டும். சீனி வியாதியோ, காசமோ, தைரொயிட் கோளாறோ, புற்றோ பின்னே இருக்கலாம்.

தோலைச் சுருக்குவதாகக் கூறி விற்கப்படும் களிம்புகளைப் பற்றி எழுத மை செலவிட விரும்பவில்லை. பெரிதும் தொங்கி இன்னல் தருமாயின் சத்திரசிகிச்சையால் நீக்கலாம். என் போன்றார்க்கு அது வேண்டுவதில்லை. நுவரெலியா ஈரத்தில் மடிப்பினுள் வேர்வை தங்கிப் புண்ணாகாதபடி துடைத்து உலர்த்துதல் வேண்டும். உடலுழைப்பும் போதிய புரதமும் தசையைத் திரும்பத் தரும்; தசை வளர்ந்தால் தோலும் சிறிது நிரம்பும். பிரித்தானியாவில் 2017இல் வெளியான ஆய்வொன்றில், அண்மையில் நீரிழிவு கண்டவருள் 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தோரில் நூற்றுக்கு 86 பேர் ஓராண்டில் மருந்தில்லாமலே அந்நோயினின்றும் மீண்டிருந்தனர். அவர்களுள்ளும் பலர்க்கு இத்தகைய மடிப்பொன்று மிஞ்சியிருக்கும் என்று எண்ணிக்கொள்வேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும் என் உடன்தொழிலாளர்க்கு உண்டு. 'சுகாதாரமும் உடற்கல்வியும்' நம் பாடமன்று என்று ஒதுங்கியிராமல், தோல், தசை, கொழுப்பு என்னும் மூன்று சொற்களை மாணாக்கர் மூன்றாகவே வழங்கப் பழக்குவோம். தசை, சதை என இலக்கணப்போலிக்கு எடுத்துக்காட்டுக் கூறும் அதே நாளில் இதனையும் கூறலாம். ஐந்து நிமிடம் போதும். தாயோடு கிளினிக்குக்குச் சென்று அவளுக்காகப் பேசுகின்றவன் இங்கே பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைதான்.

நான் இப்பொழுது பருப்பும் நெத்தலியும் சோறும் அளவாக உண்கிறேன். மாத்திரையின் அளவையும் வைத்தியர் குறைத்துவிட்டார். நிறை 62. எழுதுங் கை நடுங்குவதில்லை. மடிப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. சென்ற ஞாயிறு வந்திருந்த மைத்துனர் அதனைப் பார்த்து மீண்டும் ஊளைச்சதை என்றார். "கையை இங்கே கொடுங்க மச்சான்" என்று அவருடைய புறங்கையை வாங்கி, முதலில் அதனைக் கிள்ளிக் காட்டினேன்.